யூஎஸ்பி ஆடியோ போர்டு: தனி பவர் சப்ளை தேவையா என்ற அரைக்கேள்வி

உள்ளங்கையில் பாதிகூட வராத சின்ன போர்டு. ஒரு பக்கம் யூஎஸ்பி சாக்கெட், எதிர்ப்பக்கம் ஒரு வரிசை ஊசிகள். கணினியிலிருந்து வரும் பாட்டை வாங்கி, டிஜிட்டலை ஒலி அலையாக மாற்றும் டிஏசி சிப்புக்குப் புரிகிற ஐ2எஸ் சிக்னலாக (சிப்புகளுக்கு இடையே ஆடியோ போகும் டிஜிட்டல் வடிவம்) மாற்றிக் கொடுப்பதோடு இதன் வேலை முடிந்தது. ஒலியை இது உண்டாக்குவதில்லை, டிஜிட்டலில் வாங்கி டிஜிட்டலிலேயே கொடுத்துவிடுகிறது. ஆனாலும் இதை வாங்குகிறவர்கள் பாட்டு வருமா வராதா என்று கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி, "இதுக்குத் தனியா பவர் சப்ளை போடணுமா?" என்பதுதான்.

தவறான கேள்வி இல்லை, ஆனால் அரைக்கேள்வி. 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். அந்த மின்சாரம் எந்தக் கிரவுண்ட் வழியாகத் திரும்பிப் போகிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகள் அந்தத் திரும்பும் வழியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் போர்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மின்சாரம் சாப்பிடுகிறவர்கள் ஒருவர் அல்ல. யூஎஸ்பியைக் கவனிக்கும் பெரிய சிப் ஒன்று இருக்கும், எக்ஸ்மோஸ், சி-மீடியா அல்லது ஏதாவது ஒரு மைக்ரோகண்ட்ரோலர். அதன் பக்கத்தில் வெள்ளி நிறப் பெட்டிபோல இரண்டு ஆஸிலேட்டர்கள், சீரான துடிப்பைத் தருபவை. சில போர்டுகளில் இவற்றுக்கும் வெளியே போகும் ஊசிகளுக்கும் நடுவே ஐஸோலேட்டர் சிப் ஒன்றும் இருக்கும், அதைப் பிறகு பார்ப்போம். பெரிய சிப்தான் அதிகம் குடிக்கும், ஆனால் அதற்கு ருசி பார்க்கத் தெரியாது, கொஞ்சம் அழுக்கான 5 வோல்ட் கொடுத்தாலும் வேலை பார்த்துவிடும். ஆஸிலேட்டர் சில பத்து மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். மின்சாரத்தின் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது இந்தச் சின்னவனுக்காகத்தான்.

ஏன் என்று புரிய, யூஎஸ்பியில் ஆடியோ வரும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கணினி ஆடியோவைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. பழைய 12 மெகாபிட் வேகத்தில் 1 மில்லிவினாடிக்கு ஒன்று, 480 மெகாபிட் வேகத்தில் 125 மைக்ரோவினாடிக்கு ஒன்று. இந்த வகை அனுப்புதலில் பிழை இருக்கிறதா என்று சோதிக்க வழி உண்டு, ஆனால் பிழை என்று தெரிந்தாலும் திரும்பக் கேட்டு வாங்க வழி இல்லை, போனது போனதுதான். பிசிஎம்2706 போன்ற பழைய சிப்புகள் கணினி அனுப்பும் அந்தத் தாளத்தைப் பின்பற்றியே தங்கள் க்ளாக்கை, அதாவது நேரத் துடிப்பை, ஓட்டின. கணினியின் தாளம் ஆடினால் க்ளாக்கும் ஆடும். இப்போது வரும் போர்டுகள் பெரும்பாலும் அசின்க்ரோனஸ் முறை. தாளம் போர்டில் இருக்கும் ஆஸிலேட்டர் கையில், கணினிக்கு "கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு" என்று போர்டுதான் அவ்வப்போது திருப்பிச் சொல்கிறது.

ஆஸிலேட்டர் ஏன் இரண்டு என்றால், சிடி வழிவந்த 44.1 கிலோஹெர்ட்ஸ் குடும்பமும் வீடியோ வழிவந்த 48 கிலோஹெர்ட்ஸ் குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்று சுலபமாக வகுபடாது. அதனால் முதல் குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவதுக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ், இரண்டுமே அடிப்படை வேகத்தின் 512 மடங்கு. சில போர்டுகளில் இதன் இரட்டிப்பு இருக்கும். டிஏசி சிப் எந்த நொடியில் எந்த வோல்ட்டேஜை வெளியிட வேண்டும் என்பதை இந்தத் துடிப்புதான் தீர்மானிக்கிறது, அதனால் ஆஸிலேட்டருக்குப் போகும் 3.3 வோல்ட் நடுங்கினால் துடிப்பின் நேரமும் அந்த அளவுக்கு நடுங்கும்.

டிரைவர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். யூஎஸ்பி ஆடியோவில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இரண்டு உண்டு. பழைய வேகத்தில் ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 1023 பைட்தான் போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவுக்கு 1 மில்லிவினாடிக்கு 576 பைட் போதும், 192 கிலோஹெர்ட்ஸுக்கு 1152 பைட் வேண்டும், இடம் இல்லை. அதனால்தான் அதற்கு மேலே போக 480 மெகாபிட் வேகமும் இரண்டாம் வகுப்பும் தேவைப்பட்டன. மேக்கும் லினக்ஸும் 2010 வாக்கிலேயே இதைப் புரிந்துகொண்டன. விண்டோஸில் உள்ளேயே டிரைவர் வந்தது 2017-இல், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்போடு. அதைவிடப் பழைய விண்டோஸ் என்றால் போர்டு தயாரித்தவர் தரும் டிரைவரைப் போட்டே ஆக வேண்டும். அவ்வளவுதான்.

சரி, இப்போது மின்சாரம். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரை 100 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது, கணினி அனுமதித்த பிறகு 500 வரை எடுக்கலாம். சாக்கெட்டில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கலாம், அதாவது 5 வோல்ட் என்று சொல்கிறோமே தவிர 4.8 வந்தாலும் யாரையும் குறை சொல்ல முடியாது. இதோடு கேபிளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் போக 2, வர 2 என்று 4 மீட்டர் கம்பி, கிட்டத்தட்ட 0.85 ஓம். போர்டும் அதோடு சேர்ந்த டிஏசியும் 400 மில்லிஆம்பியர் எடுத்தால் 0.34 வோல்ட் கேபிளிலேயே காலி. சாக்கெட்டில் 4.75 இருந்தால் போர்டுக்கு வந்து சேர்வது 4.41. போர்டில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் சிப்) 3.3 வோல்ட் கொடுக்க அதற்கு மேலே சுமார் 1.1 வோல்ட் கேட்கும், ஆக 4.4. விளிம்பில் நிற்கிறோம். இந்த இடத்தில்தான் "ஒரு கணினியில் ஓடுகிறது, இன்னொன்றில் நின்று நின்று போகிறது" என்ற புகார் பிறக்கிறது. புது பவர் சப்ளை வாங்குவதற்கு முன் அரை மீட்டர் தடித்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். போர்டு முனையில் மல்டிமீட்டர் வைத்து, பாட்டு ஓடும்போது அளந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனக்கு இந்தப் பொறுமை இருந்ததில்லை. யூஎஸ்பி 5 வோல்ட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை அதன் குறுக்கே பற்றவைத்தேன். போர்டு செத்ததுபோல் ஆகிவிட்டது, கணினி கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மாலை முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, யூஎஸ்பி விதியில் சாதனத்தின் 5 வோல்ட் முனையில் 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் நேரடியாக இருக்கக் கூடாது. பெரிய கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது செருகினால் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான், சாக்கெட் அந்தக் கணமே தன்னைப் பாதுகாத்துக்கொண்டு மூடிவிடும். பெரிய கெப்பாசிட்டர் வேண்டுமென்றால் வெளி சப்ளைப் பக்கம் வையுங்கள், யூஎஸ்பி பக்கம் வேண்டாம்.

இதே வரிசையில் இன்னொரு பிரபலமான வைத்தியம், யூஎஸ்பி கேபிளில் சிவப்புக் கம்பியை வெட்டிவிடுவது. கணினியின் அழுக்கு மின்சாரம் உள்ளே வராது, வெளி சப்ளையால் போர்டு ஓடும் என்ற கணக்கு. பல போர்டுகளில் இது நடக்காது. கணினி இருக்கிறதா இல்லையா என்று போர்டு தெரிந்துகொள்வதே அந்த 5 வோல்ட்டை வைத்துத்தான். அது வராவிட்டால் டேட்டா கம்பியில் தன் அடையாளத்தைக் காட்டும் 1.5 கிலோஓம் மின்தடையைப் போர்டு இணைக்கக் கூடாது என்பதே விதி. ஆக, சிவப்புக் கம்பி மின்சாரத்துக்கு மட்டும் இல்லை, கதவு மணியும் அதுதான். வெட்டினாலும் கறுப்புக் கம்பி அப்படியேதான் இருக்கிறது, அழுக்கு அந்த வழியாகச் சௌகரியமாக வந்துகொண்டே இருக்கும்.

வெளி சப்ளைக்கு இடம் வைத்த போர்டுகளில் பெரும்பாலும் ஒரு ஜம்பர் இருக்கும், யூஎஸ்பியா வெளியா என்று தேர்வு செய்ய. வெளி சப்ளையை இணைப்பதற்கு முன் அந்த ஜம்பர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்ற மறந்தால் இரண்டு 5 வோல்ட்டும் ஒன்றாகச் சேர்ந்து, எது கொஞ்சம் அதிகமோ அது மற்றதற்குள் மின்சாரத்தைத் தள்ளும். தள்ளப்படுவது உங்கள் கணினியின் சாக்கெட்டாக இருக்கலாம். சில போர்டுகளில் இதைத் தடுக்க டயோடு இருக்கும், பலவற்றில் இருக்காது.

இனி ஐஸோலேட்டர். கட்டுரையின் பாதிப் பாரம் இங்கேதான் இருக்கிறது. ஐஸோலேட்டர் சிப் சிக்னலை மட்டும் கடத்தும், மின்தொடர்பை அறுத்துவிடும். போர்டு இரண்டு தீவாகப் பிரிகிறது, கணினிப் பக்கம் ஒன்று, டிஏசி பக்கம் ஒன்று. ஒவ்வொரு தீவுக்கும் சொந்த கிரவுண்ட், சொந்த மின்சாரம். கணினித் தீவு யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதை அப்படியே விட்டுவிடலாம். டிஏசி தீவுக்கு நாம் 3.3 அல்லது 5 வோல்ட் கொடுத்தாக வேண்டும். நல்ல வடிவமைப்பில் ஆஸிலேட்டர்கள் இந்தச் சுத்தமான தீவில்தான் இருக்கும், துடிப்பு ஐஸோலேட்டரைத் தாண்டிக் கணினிப் பக்கம் போகும். ஐஸோலேட்டரைத் தாண்டி வரும் டேட்டா சற்று நேரம் தவறி வந்தாலும், இந்தப் பக்கம் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் (துடிப்பு வரும்போது மட்டும் டேட்டாவைக் கடத்தும் சின்னச் சுற்று) வைத்து ஆஸிலேட்டரின் நேரத்துக்கு மறுபடி வரிசைப்படுத்திவிடலாம். இந்தத் தீவுக்கு மின்சாரம் கொடுக்காமல் யூஎஸ்பியை மட்டும் செருகிவிட்டு, கணினியில் போர்டு தெரிகிறது, பாட்டு மட்டும் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. க்ளாக்கே செத்துக் கிடக்கிறது, பாட்டு எப்படி வரும்?

அதைவிட மோசம், யூஎஸ்பியின் 5 வோல்ட்டிலிருந்தே இன்னொரு ரெகுலேட்டர் வைத்து சுத்தமான தீவுக்கும் கொடுப்பது. பாட்டு வரும், எல்லாம் வேலை செய்யும், ஐஸோலேட்டர் மட்டும் வெறும் அலங்காரம் ஆகிவிடும், ஏனென்றால் இரண்டு கிரவுண்டையும் நீங்களே சேர்த்துவிட்டீர்கள். இன்னொரு விதமாகவும் சேரும். யூஎஸ்பி சாக்கெட்டின் உலோக உறை அலுமினியப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும், பெட்டி டிஏசி கிரவுண்டோடு இணைந்திருக்கும், உறை கணினியின் கிரவுண்டோடு இணைந்திருக்கும். கேபிளையும் சப்ளையையும் கழற்றிவிட்டு, யூஎஸ்பி உறைக்கும் டிஏசி கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் பீப் சோதனை செய்து பாருங்கள். பீப் வந்தால் பிரிவினை இல்லை.

போர்டில் ஐஸோலேட்டர் இல்லை, யூஎஸ்பி கேபிள் நடுவே தனியாக ஒன்றைப் போடலாமே என்றால், சிப்பின் பெயரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மலிவானவற்றில் அதிகம் வரும் ஏடியூஎம்4160 வெறும் 12 மெகாபிட்தான். பொட்டலக் கணக்கை ஏற்கெனவே பார்த்தோம், அதில் 192 கிலோஹெர்ட்ஸுக்கு இடம் இல்லை. 480 மெகாபிட்டைக் கடத்தும் ஐஎஸ்ஓயூஎஸ்பி211 போன்றவை பின்னாளில் வந்தவை.

அப்படியானால் சுத்தமான தீவுக்கு எந்த சப்ளை? என்னைக் கேட்டால், தனியாக எதுவும் வேண்டாம், டிஏசி போர்டில் ஏற்கெனவே ஓடும் 3.3 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அவ்வளவு திராணி இருந்தால். இந்தத் தீவு டிஏசியின் கிரவுண்டைத்தானே பகிர்ந்துகொள்ளப் போகிறது, மூன்றாவதாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்தால் மூன்றாவது கிரவுண்ட் வழி ஒன்றும் கூடவே வரும். இன்னொரு லாபமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. டிஏசி அணைந்திருக்கும்போது யூஎஸ்பி போர்டு மட்டும் உயிரோடு இருந்தால், 3.3 வோல்ட் சிக்னல் செத்த சிப்பின் ஊசிகளுக்குள் போகும். பெரும்பாலான சிப்புகள் ஊசியில் தங்கள் சப்ளையைவிட 0.3 வோல்ட் வரை கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். சப்ளை பூஜ்யமாக இருக்கும்போது 3.3 வந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்சாரம் ஏறி, சிப் பாதி உயிரோடு கிடக்கும், நாளடைவில் கெட்டும் போகலாம். இரண்டும் ஒரே 3.3-இல் ஓடினால் இரண்டும் சேர்ந்தே எழும், சேர்ந்தே படுக்கும்.

தனி சப்ளைதான் வேண்டும் என்றால் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். 9 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர், டயோடு பாலம் தாண்டி ஏறக்குறைய 11.3 வோல்ட் டிசி. அதை 5-ஆகக் குறைத்து 300 மில்லிஆம்பியர் எடுத்தால் 1.9 வாட் வெப்பம் ரெகுலேட்டரில் இறங்கும், ஹீட் சிங்க் இல்லாமல் விரல் வைக்க முடியாது. 7 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் வெப்பம் பெருமளவு குறையும். ஆஸிலேட்டருக்கு மட்டும் எல்டி3045 போன்ற ஒன்றை அதன் பக்கத்திலேயே வையுங்கள், 10 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்த இரைச்சலே 0.8 மைக்ரோவோல்ட்தான். அதே ரெகுலேட்டரை ஒரு முழம் கம்பி தள்ளி வைத்தால் கொடுத்த காசு கம்பியிலேயே போய்விடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றை நேராக 3.3-க்குக் கொடுப்பவர்களும் உண்டு, மிகச் சுத்தமான வழிதான், ஆனால் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 3.6 வோல்ட் இருக்கும், பல 3.3 வோல்ட் சிப்புகளுக்கு அதுதான் எல்லைக்கோடு.

சுவிட்சிங் அடாப்டரை எல்லோரும் திட்டுவார்கள், நான் அவ்வளவு திட்டமாட்டேன். அதன் வெளியீட்டு இரைச்சலை ஒரு நல்ல ரெகுலேட்டர் பெரும்பாலும் அடக்கிவிடும். அடங்காதது வேறு. மின்சாரப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், அதன் வழியாகக் கசியும் மின்னோட்டம். உலோக உடல் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுத் தடவினால் விரல் லேசாக நமநமவென்று இருக்குமே, அதுதான். லேப்டாப்புக்கு ஒன்று, டிஏசிக்கு ஒன்று என்று இப்படி இரண்டு அடாப்டர் இருந்தால், அந்தக் கசிவு ஒன்றிலிருந்து மற்றதுக்கு உங்கள் ஆடியோ கிரவுண்ட் வழியாக நடந்து போகும். ரெகுலேட்டருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் சேர்ந்தே ஆடுகின்றன. எவ்வளவு உயர்ந்த சப்ளை போட்டாலும் போகாத இரைச்சலின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

கம்பி இணைப்பு பற்றிக் கொஞ்சம். 384 கிலோஹெர்ட்ஸில் பிட் க்ளாக் (ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு துடிப்பு) 24.576 மெகாஹெர்ட்ஸ், அது இனி ஆடியோ இல்லை, ரேடியோ மாதிரி நடந்துகொள்ளும். கம்பி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், ஒவ்வொரு சிக்னலுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி, புறப்படும் இடத்தில் 33 ஓம் போன்ற சின்ன மின்தடை. மாஸ்டர் க்ளாக், அதாவது ஆஸிலேட்டரின் மூலத் துடிப்பு, வேண்டுமா என்பது டிஏசியைப் பொறுத்தது. பிசிஎம்5102ஏ அது இல்லாமலே பிட் க்ளாக்கிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும், அந்த ஊசியைக் கிரவுண்டில் கட்டினால் போதும். ஏகே4490 போன்றவற்றுக்குக் கொடுத்தே தீர வேண்டும். பாட்டு கரகரவென்று அடையாளம் தெரியாமல் வந்தால் சப்ளையைச் சந்தேகிக்காதீர்கள், டிஏசி வேறு ஃபார்மட்டில் இருக்கும். ஐ2எஸில் டேட்டா ஒரு பிட் தள்ளித் தொடங்கும், டிஏசி அதை, தள்ளாமல் தொடங்கும் லெஃப்ட் ஜஸ்டிஃபைட் ஃபார்மட் என்று நினைத்து வாசித்தால் அலையின் நெகட்டிவ் பாதி முழுக்க பாசிட்டிவ் பக்கம் விழுந்துவிடும்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது டிஏசியை இணைக்காதீர்கள். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று பாருங்கள், அடாப்டரின் முனையில் எது பிளஸ் என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். என் முதல் போர்டு நடுமுனை மைனஸாக இருந்த அடாப்டருக்குப் பலியானது, ஒரு வினாடிதான், அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கணினியில் நேராகச் செருகாமல், போனால் போகட்டும் என்ற ஒரு பழைய ஹப் வழியாகச் செருகுங்கள். 3.3 சரியாக இருக்கிறது, கணினியில் பெயர் தெரிகிறது என்றால் அப்புறம் டிஏசி. முதல் பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட வேண்டாம், கம்பி மாறியிருந்தால் வருவது முழு அளவு இரைச்சலாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது சத்தம் வந்தால், அது என்ன ஸ்ருதியில் வருகிறது என்று கேளுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய சீழ்க்கை என்றால் அது யூஎஸ்பி பொட்டலங்களின் தாளம், 125 மைக்ரோவினாடிக்கு ஒன்று என்றால் வினாடிக்கு 8000. தடித்த உம்மென்ற சத்தம் என்றால் மின்சார வாரியத்தின் அலை, சப்ளை வடிகட்டலோ கிரவுண்ட் சுற்றோ காரணம். மவுஸை நகர்த்தும்போது சத்தம் மாறினால் கணினியின் கிரவுண்ட் டிஏசிக்குள் வந்துகொண்டிருக்கிறது. சில வினாடிக்கு ஒருமுறை டிக் என்று விட்டு விட்டு வந்தால் அது பெரும்பாலும் மின்சாரமே இல்லை, கணினி சரியான நேரத்துக்குப் பொட்டலம் அனுப்பவில்லை, கணினி முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபரைக் கூட்டிப் பாருங்கள், ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். இதில் எதுவுமே பிடிபடவில்லையா, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மட்டும் அதே பாட்டை ஓட விடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் உங்கள் போர்டு, ரெகுலேட்டர், ஆஸிலேட்டர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, நீங்கள் தேட வேண்டியது அந்தச் சார்ஜரிலிருந்து வரும் கசிவு எங்கே உள்ளே நுழைகிறது என்பதைத்தான்.